தாடையில் 'டக்' சத்தம்: அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், இங்கே சிங்கப்பூரில் ஷென்டன் வே பக்கம் ஆபீஸ் வேலை. (யாரையும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் எல்லார் விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அம்மா கையில் ஒரு பழுப்பு உறை. உள்ளே வேறொரு கிளினிக்கில் எடுத்த ஸ்கேன், கம்ப்யூட்டரில் செய்த 'இப்போது இப்படி, பிறகு இப்படி' முகப் படங்கள், கடைசிப் பக்கத்தில் ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை.

"வாய் திறந்தா சத்தம் வருது டாக்டர், காதுகிட்ட வலிக்குதுங்கிறா. தாடை ஆப்பரேஷன் பண்ணினா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. அடுத்த ஆவணியில கல்யாணம், அதுக்குள்ள முடிச்சிடலாமா?"

நான் தாடை அறுவை செய்கிற ஆள். அதில்தான் என் பிழைப்பே நடக்கிறது. அதனாலேயே இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இடது பக்கம் 'டக்'. அளந்து பார்த்தால் 32 மில்லிமீட்டர். பெரும்பாலானவர்களுக்கு 40க்கு மேல் திறக்கும், அவரவர் மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே நுழைக்க முடியும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நன்றாகத்தான் சேர்ந்தன. ஆனால் நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த பள்ளங்கள், கன்னத்தின் உட்பக்கம் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, பல்லைக் கடிக்கச் சொன்னால் தாடைத் தசை கருங்கல் மாதிரி. "இப்ப, இந்த நிமிஷம், உங்க பல் ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா டாக்டர், எப்பவும் தொட்டுத்தானே இருக்கும்?" என்றார்.

இருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கும், உள்ளே பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நாள் முழுக்க லாப்டாப் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்குத் தசை வலிக்காமல் என்ன செய்யும்?

சத்தம் எங்கிருந்து வருகிறது? காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில், எலும்பின் உருண்டையான தலைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சிறிய வட்டு இருக்கிறது. அது முன்னால் நழுவிவிட்டால், வாய் திறக்கும்போது எலும்பின் தலை அதன் மேல் ஏறிக் குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் நமக்கு 'டக்'. ஏறிக் குதிக்க முடியாமல் வட்டு முட்டுக்கட்டையாக நின்றுவிட்டால் வாய் பாதியில் பூட்டிக்கொள்ளும்; அப்போது தாமதிக்காமல் வரவேண்டும். வெறும் சத்தத்துக்கு மட்டும் அவசரமே இல்லை. வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வட்டு நகர்ந்துதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'வட்டு விலகியுள்ளது' என்ற வரியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்புறம் ஏன் பல் வரிசையையும் தாடையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்? இது பழைய கதை. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடவாய்ப் பற்கள் போனதால் தாடை பின்னால் போய்க் காதுப் பக்கத்து நரம்புகளை அழுத்துகிறது, அதனால்தான் வலி என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பிறகு தவறென்று ஆகிவிட்டது. ஆனால் 'கடி (மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம்) சரியில்லை, அதனால் மூட்டு வலிக்கிறது' என்கிற எண்ணம் மட்டும் பல் மருத்துவத்தை விட்டுப் போகவே இல்லை. பல்லை ராவினார்கள், எல்லாப் பல்லுக்கும் உறை போட்டார்கள், கம்பி கட்டினார்கள், தாடையையே வெட்டி நகர்த்தினார்கள். இன்று நமக்குத் தெரிவது, கடிக்கும் மூட்டு வலிக்கும் உள்ள தொடர்பு நினைத்ததைவிட மிகவும் பலவீனமானது. தூக்கம், மன அழுத்தம், பல் கடிக்கிற பழக்கம், உடம்பில் வேறு இடங்களில் இருக்கும் நாள்பட்ட வலி, இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த வலியை ஆட்டிவைக்கின்றன. அதனால்தான் திரும்ப எடுக்க முடியாத சிகிச்சையில் ஆரம்பிக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தேசியப் பல் ஆய்வு நிறுவனமே நோயாளிகளுக்குச் சொல்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். ஆறு வாரம் மென்மையான சாப்பாடு. தீபாவளி முறுக்கு வேண்டாம் என்றபோது அம்மாவின் முகம் வாடியது. காலையும் இரவும் பத்து நிமிடம் வெந்நீர்த் துணி ஒத்தடம், சில நாள் வலி மாத்திரை, பிசியோதெரபி, இரவில் மட்டும் போட ஒரு சாதாரண ஸ்பிளிண்ட் (பல் வரிசைமேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை), கம்ப்யூட்டர் ஓரத்தில் 'பல் தொடாதே' என்று எழுதிய ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். (சூயிங்கம் மெல்லாதீர்கள் என்று சொல்லும் வேலையை 1992இலேயே சூயிங்கம் விற்பனையைத் தடை செய்து அரசாங்கம் எங்களுக்குக் குறைத்துவிட்டது, ஆனாலும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய் வந்தவர்களிடம் ஒரு தடவை கேட்டு வைப்பேன்.) நாலு மாதம் கழித்து வந்தபோது 43 மில்லிமீட்டர் திறந்தது, வலி எப்போதாவதுதான். சத்தம் அப்படியே இருந்தது. அம்மாவுக்குத்தான் அதில் குறை. "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்றாள் மகள்.

இப்போது என் கணக்கில் இருக்கும் ஒரு பற்று. பல வருடத்துக்கு முன்னால், பயிற்சி முடித்த சூடு ஆறாத காலம், கையில் வித்தை இருந்தது, பொறுமை இல்லை. கீழ்த்தாடை கொஞ்சம் பின்தங்கிய ஒரு பெண்மணி, மூட்டு வலியோடு வந்தார். தாடையை முன்னால் கொண்டுவந்தால் வட்டு தானாக இடத்தில் உட்காரும், வலி போகும் என்று நான் நம்பினேன், அவரையும் நம்ப வைத்தேன். படத்தில் பார்த்தால் அறுவை கச்சிதம். ஆறேழு மாதம் வலியும் இல்லை. அப்புறம் திரும்பி வந்தது, அதே இடத்தில், அதே மாதிரி. போகாமல் மிஞ்சியது இன்னொன்று: கீழுதட்டின் வலது பக்கம் மரத்துப்போனது. கஞ்சி குடிக்கும்போது வழிந்தால் அவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் டிஷ்யூவை எடுக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார், என்மேல் கோபமே காட்ட மாட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் அப்படி ஆனது என்று புரிய, அறுவையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, பல் இருக்கும் பகுதியை நகர்த்தி, டைட்டேனியத் தகடும் திருகும் வைத்து இறுக்குகிறோம். 1950களில் ஹியூகோ ஓப்வெகேசர் வகுத்த முறை, பிறகு பலர் செம்மைப்படுத்தியது. பிளக்கிற இடத்தின் உள்ளேதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. முதல் சில வாரம் மரத்துப்போவது அநேகமாக எல்லாருக்கும் உண்டு, பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே போகும். மூட்டின் கதை இன்னும் நுட்பம். மூட்டுத் தலையைக் குழியில் உட்காரவைத்துத் திருகு போடுவது மயக்க மருந்தில் தசையெல்லாம் தளர்ந்து, ஆள் படுத்திருக்கும் நிலையில். எழுந்து நின்று மெல்ல ஆரம்பித்ததும் அது சற்றே வேறு இடத்தில் உட்காரலாம். அதனால்தான் தாடை அறுவைக்குப் பிறகு மூட்டு வலி சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கூடுகிறது, முன்பு இல்லாத சிலருக்குப் புதிதாக வருகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லும் வழி எங்களிடம் இல்லை. சொல்கிறேன் என்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

காத்திருந்தே ஆக வேண்டிய ஒரு கூட்டமும் உண்டு. பெரும்பாலும் இளம்பெண்கள், பதினைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள். கீழ்த்தாடை சிறியது, முகம் நீளம். 'முன்னால சேர்ந்துக்கிட்டு இருந்த பல்லு இப்ப சேரல டாக்டர், ரெண்டு வருஷமா இடைவெளி கூடிக்கிட்டே போகுது' என்று வருவார்கள். மூட்டின் தலை மெல்லத் தேய்ந்து சிறுத்துக்கொண்டிருக்கலாம். அது நடந்துகொண்டிருக்கும்போது தாடையை முன்னால் நகர்த்தினால் அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாடி கட்டின கதைதான், எலும்பு மேலும் கரைந்து தாடை பின்னால் போய்விடும். முதலில் மூட்டுவாத நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை, பிறகு ஆறு மாதம் ஒரு வருடம் இடைவெளிவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டு, தேய்மானம் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே அறுவைப் பேச்சு. இந்த மாதிரி நோயாளியிடம் 'இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்' என்று சொல்கிற மருத்துவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு பொறி. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு ஸ்பிளிண்ட் உண்டு. அதை இரவும் பகலும் மாதக்கணக்கில் போட்டால் வலி குறையலாம், ஆனால் கடியே மாறிவிடும், பின்பற்கள் ஒன்றையொன்று தொடாது. அப்புறம் 'கடி சேரல, இனி கம்பி, இல்லேன்னா அறுவை' என்று அடுத்த அத்தியாயம் தொடங்கும். முதலில் இல்லாத பிரச்சினைக்கு அறுவை. நாள் முழுக்கப் போடச் சொன்னால் எத்தனை வாரத்துக்கு, கடி மாறுமா என்று கேட்டுவிடுங்கள்.

காலம், காசு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சில மணி நேரந்தான். ஆனால் வழக்கமாக அதற்கு முன்னால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கம்பி, பின்னால் மறுபடி ஆறு மாதமோ ஒரு வருடமோ. நடுவில் ஆறு வாரம் மெல்லாத சாப்பாடு. ஆவணிக் கல்யாணத்துக்குள் முடிகிற காரியமா இது? மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கென்று நம் பெயரில் சேரும் சேமிப்பு) எடுக்கலாம். கம்பிக்கு எடுக்க முடியாது, அழகுக்காக என்றால் எதற்குமே முடியாது. அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ கென்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வாய்நல மையத்துக்கோ போனால் மானியக் கட்டணம், ஆனால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தனியார் இடம் என்றால், சொல்பவர் தாடை அறுவை நிபுணராகப் பதிவு பெற்றவரா என்று சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. ஊருக்குப் போய்ச் செய்துகொண்டால் மலிவு, சென்னையில் நல்ல ஆட்கள் இருக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அறுவைக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் எத்தனை தடவை விமானம் ஏற முடியும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவு சொன்னதும் நான் தாடை அறுவைக்கே எதிரி என்று நினைத்தால் தவறு. செய்கிறேன், விரும்பிச் செய்கிறேன். ஆனால் சம்மதப் படிவத்தைக் கையில் கொடுக்கும் முன் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கிறேன்: எல்லாம் நல்லபடியாக முடிந்து, இந்த மூட்டு வலியும் சத்தமும் மட்டும் இன்று இருப்பது போலவே இருந்துவிட்டால், அப்போதும் இதைச் செய்துகொண்டது சரி என்று தோன்றுமா?

நிறையப் பேர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஒரு தம்பி நிற்கவில்லை. தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்துவிட்டு வந்தவர், கீழ்த்தாடை நீண்டு முன்னால் வந்திருந்தது, முன்பற்கள் சேரவே சேராது. டிஷ்யூ தாளை மடித்து முன்பல்லால் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தேன், எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அவருக்கும் மூட்டில் 'டக்' இருந்தது. கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "சத்தம் இருந்தா இருக்கட்டும் டாக்டர். முகாம்ல எல்லாரும் மீ கோரெங், அதான் வறுத்த நூடுல்ஸ், அதை ஒரு கடியில துண்டாக்குவாங்க, நான் மட்டும் நாக்கால அழுத்தி அறுத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு அது போதும்."

அறுவை முடிந்து மூன்றாவது மாதம் டெக்கா உணவங்காடியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். முள்கரண்டியில் மீ, கீழே தொங்கும் நுனிகள், ஒரு கடி. துண்டுகள் தட்டில் விழுகின்றன. இரண்டாவது கடிக்கு வாயைத் திறக்கும்போது, ஃபேன் இரைச்சலையும் மீறி, அந்த 'டக்' லேசாகக் கேட்கிறது.