சொல் விளக்கம்: தொண்டுக் கணிமை

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் மத்தியானம் போன் செய்தார். வானம் கறுத்துவிட்டது, இடி கேட்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். "டீச்சர், அந்தக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கே, என்ன செய்யட்டும்?" என்றார். "நிப்பாட்டிட்டு அணைச்சிருங்கண்ணே" என்றேன். நிப்பாட்டினார். ஒரு பல்கலைக்கழகத்துக்காக அவர் வீட்டுக் கணினி கூலியில்லாமல் எட்டு நாளாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்கு அதோடு போயிற்று.

திரையில் இரண்டு பொத்தான்கள், ஒன்றன் கீழ் ஒன்று: சஸ்பெண்ட், அபார்ட். அண்ணன் கீழே இருந்ததை அமுக்கினார். "நிச்சயமா?" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்டது. டீச்சரே சொல்லியாச்சு, அப்புறம் என்ன சந்தேகம் என்று அதையும் அமுக்கினார். அவர் மேல் தப்பில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கொடுத்தது நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில் தொடங்கியதுதான் இந்தச் சொல் ஆராய்ச்சி.

முதலில் தாய்ச்சொல். இப்படி வீட்டுக் கணினியைக் கணக்குக்குக் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் வாலண்டியர் கம்ப்யூட்டிங் என்று பெயர். ஒரு பல்கலைக்கழகத்திடம் மலையளவு கணக்கு இருக்கிறது. அதைப் போட அவ்வளவு பெரிய கணினி இல்லை. கணக்கைச் சிறுசிறு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கணினி அதைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. கூலி கிடையாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் விட்டுவிட்டுப் போன மேசைக் கணினி அண்ணன் வீட்டுக் கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. "சும்மாதானே கெடக்கு டீச்சர்" என்றார். அப்படித்தான் அதில் ஏற்றினேன்.

இதை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது செட்டி அட் ஹோம் என்னும் திட்டம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17இல் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பிடித்த இரைச்சலில் வேற்றுலக அறிவின் தடம் ஏதும் உண்டா என்று தேடும் வேலை. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் கை கொடுத்தார்கள். வேற்றுலகத்தார் யாரும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31ஓடு புதுத் துண்டு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1இல் அந்தத் தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. ஆனால் அந்தக் கூட்டம் உருவாக்கிய போயிங்க் என்னும் மென்பொருள் இன்னும் ஓடுகிறது. (விமானம் செய்யும் கம்பெனி இல்லை; கடைசியில் ஒரு ‘க்’ உண்டு.) பருவநிலை, புரதம், துடிவிண்மீன் (விட்டுவிட்டுத் துடிக்கும் விண்மீன், பல்சர்) என்று பல திட்டங்கள் இதன் மேல்தான் நடக்கின்றன. ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் 2010இல் ஒரு துடிவிண்மீன் கிடைத்தது. கண்டுபிடித்த துண்டுகளைக் கணக்கிட்டவை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஒருவரின் கணினியும்.

சரி, சொல் எங்கே பிறந்தது? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். இந்தச் சொல்லை உருவாக்கியவர் பிலிப்பைன்ஸ்காரரான லூயிஸ் சார்மெந்தா. 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பே இதுதான். அவர் எழுதிய மென்பொருளுக்கு வைத்த பெயர் பாயனிஹான். பிலிப்பைன்ஸ் கிராமங்களில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது, அக்கம்பக்கத்தார் மூங்கில் கழிகளை அடியில் கொடுத்து வீட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வழக்கத்துக்குப் பெயர் பாயனிஹான். நம் மலாய்க்காரர்கள் கோத்தோங் ரோயோங் என்கிறார்களே, அதன் அண்ணன் தம்பி. கோத்தோங் என்ற ஜாவானியச் சொல்லுக்கும் தூக்குவது என்றுதான் பொருள். ஆங்கிலச் சொல்லாக நம்மிடம் வந்திருக்கிறதே தவிர, அதற்குள் இருப்பது நம் அண்டை வீட்டு வழக்கம். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழாவுக்கு முன் புல் வெட்டி, வாய்க்கால் தூர்வாரிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது?

பலர் பகிர்வுக் கணிமை என்கிறார்கள். அது டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்கின் தமிழ். தப்பில்லை, ஆனால் வேறு பொருள். ஒரு வங்கி தன் நூறு கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் அது பகிர்வுதான். கணினி யாருடையது, மின் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் வராது. இங்கே முக்கியமே அதுதான்.

கூட்டுறவுக் கணிமை என்றால்? எங்கள் ஊருக்கு அந்தச் சொல் மேல் தனிப் பாசம் உண்டு. இந்த ஊர்க்காரரும் மலாயா அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) பங்குப் பணம் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சிறுதுளி சேர்ந்து தோட்டம் வாங்கிய கதை. ஆனால் கூட்டுறவில் நமக்குப் பங்கு உண்டு, லாபத்தில் ஈவு உண்டு. இங்கே ஒன்றும் வராது. ஆக அதுவும் பொருந்தாது.

தமிழ்நாட்டில் தன்னார்வக் கணிமை என்பார்கள். இங்கேயும் சிங்கப்பூரிலும் வாலண்டியருக்குத் தொண்டூழியர் என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதன்படி பார்த்தால் தொண்டூழியக் கணிமை. எனக்கு அதில் ஓர் இடறல். தொண்டு என்றாலே ஊழியம்தான், எதற்கு இரண்டு? அது போகட்டும். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் எளிய சாதி மக்களிடம் கூலி கொடுக்காமல் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலை. விருப்பப்பட்டுச் செய்வதற்கு இட்ட பெயரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது உறுத்துகிறது. தொண்டு அப்படியில்லை. பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்றுதான் பெயர். தொண்டர் என்று ஆள்விகுதி போட்டால் கட்சிக்கொடி நினைவுக்கு வரும். தொண்டு என்று நிறுத்தினால் வராது. கணிமை, ‘கணி’ என்னும் பழைய வேரிலிருந்து வந்தது. கணியனும் கணினியும் அதே குடும்பம். ஆகவே தொண்டுக் கணிமை. நான் இதையே எழுதுகிறேன்.

தாய்ச்சொல் சரியாகிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையான தகராறு உள்ளே இருக்கும் குட்டிச் சொற்களில்தான்.

சஸ்பெண்டும் அபார்ட்டும். இரண்டுக்கும் அகராதி ‘நிறுத்து’ என்று காட்டும். தமிழில் இதற்கு அருமையான வழி ஒன்று உண்டு, நாம் தினமும் பேசுகிறோம், ஆனால் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மறந்துவிடுகிறோம்: துணைவினை. ‘சோறு எடுத்து வை’ என்றால் பிறகு வேண்டும் என்று பொருள். ‘எடுத்துப் போட்டுவிடு’ என்றால் கதை முடிந்தது. சஸ்பெண்ட் நிறுத்திவை. அபார்ட் கைவிடு. அன்றைக்கு நான் "நிப்பாட்டி வைங்கண்ணே" என்று ஒரு ‘வை’ கூடுதலாகச் சொல்லியிருந்தால் எட்டு நாள் பிழைத்திருக்கும். (உண்மையில் அதுவும் தேவையில்லை. கணினியை முறைப்படி அணைத்தாலே போதும், மறுபடி போட்டதும் போயிங்க் தானாகத் தொடரும். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். போனில் வாய்க்கு வரவில்லை.)

எப்படித் தொடரும் என்றால், செக்பாயிண்ட் இருக்கிறது. கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவ்வப்போது வட்டில் எழுதிவைத்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனாலும் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். இதைச் சோதனைச் சாவடி என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டு மலாயாவின் அவசரகாலம் வெடித்த ஊர் இது. இங்கே பெரியவர்களிடம் சோதனைச் சாவடி என்றால் அரிசிப் பையைத் துழாவிய தடுப்புதான் நினைவுக்கு வரும். எழுத்தில் நிலைப்பதிவு. பேச்சில் ‘விட்ட இடம்’ போதும்.

டாஸ்க் என்பதற்குப் பணி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அண்ணனுக்கு அது ஏறவில்லை. அவர் சின்ன வயதில் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர், பிறகுதான் லாரி ஓட்டப் போனார். "உங்களுக்குன்னு ஒரு நிரை கொடுத்திருக்காங்க, அதை நீங்க வெட்டி முடிக்கணும்" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். (நிரை என்பது ஒருவர் வெட்ட ஒதுக்கிய மர வரிசை.) பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கூப்பிடுவது, நிரை கொடுப்பது, நேரத்துக்குள் முடிப்பது எல்லாம் அப்படியே பொருந்துகிறது. ஓரிடத்தில் மட்டும் உதைக்கும். இங்கே பல திட்டங்கள் ஒரே துண்டை இரண்டு கணினிக்குக் கொடுத்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். தோட்டத்தில் ஒரே மரத்தை இரண்டு பேர் வெட்டினால் கங்காணி என்ன சொல்லியிருப்பார் என்று அண்ணன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கிரெடிட்டைக் கடன் என்று காட்டும் மொழிபெயர்ப்பு இருக்கிறதே, அது பெரிய கொடுமை. "டீச்சர், நம்ம பேர்ல எட்டாயிரம் கடன் ஏறியிருக்குங்குது" என்று இரவு ஒன்பது மணிக்குப் பதறிக்கொண்டு வந்தார். கந்துவட்டிக்காரன் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிய வீடுகளைப் பார்த்த மனுஷன், பதறாமல் என்ன செய்வார்? அது புள்ளி. செய்த வேலையின் அளவு, அவ்வளவுதான். ஒரு மங்கு பால்கூட வாங்க முடியாது. இந்தப் புள்ளிக்குக் காபிள்ஸ்டோன் (தெருவில் பாவும் கல்) என்று பட்டப்பெயர். செட்டி திட்டத்தின் ஜெஃப் காப் என்பவரின் பெயரை வைத்துச் செய்த சிலேடை.

அண்ணன் வீட்டுக் கணினி சூடேறிய பிரச்சினைக்கும் சொல்லே காரணம். அமைப்புகளில் இரண்டு சதவீதம் இருக்கிறது. ஒன்று, செயலியின் (கணக்குப் போடும் சி.பி.யூ.) எத்தனை கருக்களை (கோர்) பயன்படுத்தலாம். மற்றது, அவை எவ்வளவு நேரம் ஓடலாம். இரண்டும் ‘செயலிப் பயன்பாடு’ என்றே தமிழில் வந்து நிற்கும். முதலாவது எத்தனை ஆள், இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துச் சொன்னால் விளங்கிவிடும். ஆளைக் குறைப்பதுதான் என் வழக்கம். நேரத்தைக் குறைத்தால் ஓடி ஓடி நிற்கும், விசிறியும் ஏறி ஏறி இறங்கி உயிரை வாங்கும். அண்ணன் வீட்டில் நான்கு கருவில் இரண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறி இறக்கைகளில் பஞ்சுபோல் தூசி. தூரிகையால் தட்டியதும் பாதிச் சூடு போயிற்று. மின் கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கணினி கூடுதலாக 100 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 30 நாளுக்கு 72 யூனிட். தொண்டு என்றாலும் பில் நம் பெயரில்தான் வரும். அவர் இப்போது இரவில் மட்டும் ஓட்டுகிறார்.

‘சஸ்பெண்டட்: செயலி வேலையில் இருக்கிறது’ என்று வந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். நம் சொந்த வேலை செயலியில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் போயிங்க் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அது மரியாதை.

கடைசியாக வந்த கோளாறுதான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. நிரை முடிந்துவிட்டது, விடை போகவில்லை. இணையம் நன்றாக இருக்கிறது, அண்ணி போனில் நாடகம் பார்க்கிறார். திட்டத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்றே வருகிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று கை துறுதுறுத்தது. நல்லவேளை, முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் அமுக்கி நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். வரிகளைப் படிப்பதற்கு முன்பே அவற்றின் இடது ஓரத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது. ஜனவரி 1, 2009. தாய்ப்பலகையில் (மதர்போர்டு) ஒரு வெள்ளிக்காசு அளவில் பேட்டரி இருக்கும். அது செத்தால், மின்சாரத்தைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடிவிடும். கணினி 2009இல் உட்கார்ந்துகொண்டு, திட்டத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து ‘இது இன்னும் பிறக்கவே இல்லையே’ என்று கதவைத் திறக்க மறுத்திருக்கிறது. இடிக்குப் பயந்து அண்ணன் தினமும் பிளக்கைப் பிடுங்கியதால் வெளிப்பட்ட கோளாறு. கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் பேட்டரி கிடைத்தது. மாற்றி, தேதியைச் சரிசெய்து, ‘அப்டேட்’ பொத்தானை அமுக்கினேன்.

கோப்பு ஏறியது. நிலைப் பத்தியில் ரெடி டு ரிப்போர்ட் என்று வந்தது. இதற்கு என்ன தமிழ் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அறிக்கையிடத் தயார், ஒப்படைக்கத் தயார், எதுவும் பிடிக்கவில்லை. அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். இது என்ன என்றார். வேலை முடிஞ்சிருச்சு, அங்கே கணக்கில் ஏத்தணும், அதுக்குக் காத்திருக்கு என்றேன்.

"ஓ, ஸ்டோர்ல பாலு நிறுக்க நிக்குது" என்றார்.