முருங்கைக்குத் தண்ணீர் போதவில்லையாம்!

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த வருடத்தில் மூன்றாவது முருங்கைக் கன்றும் வாடுகிறதாம். "காலையும் சாயந்திரமும் தண்ணி ஊத்துறேன் தம்பி, அப்பவும் இலை தொங்குது" என்றார். பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுப்பு. விரலால் உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் மிச்சம், சாக்கடை நாற்றம் வேறு. இந்த மாதம் இது ஐந்தாவது வீடு.

இலை வாடினால் தண்ணீர் இல்லை என்று யார்தான் சொல்லிவைத்தார்களோ! வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் இலை வாடும். அழுகின வேர் குளத்துக்குள் கிடந்தாலும் உறிஞ்சாது. கோலாலம்பூரில் வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதிலும் ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம்.

தாமான் எனும் குடியிருப்புகளில் வீடு கட்டும்போதே மேல்மண்ணை வழித்தெடுத்து, மிச்சமுள்ள செம்மண் களியை இயந்திரம் ஏறி ஏறி அமுக்கியிருக்கும். அதில் ஒரு குழி தோண்டி, நர்சரியில் வாங்கிய கறுப்பு மண்ணை நிறையக் கொட்டி நடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவில் பொலபொலவென்ற மண் என்றால் நீங்கள் தோண்டியது குழி இல்லை, வாளி. பெய்கிற மழையெல்லாம் அதில்தான் தேங்கும். கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: ஆகாது, களி இன்னும் இறுகத்தான் செய்யும்.



நடுவதற்கு முன்னால் ஓர் அடி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அங்கே குழியே வேண்டாம், ஓர் அடி உயரத்துக்கு அகலமாக மேடு கட்டி அதில் நடுங்கள். வேர் பிரியும் கழுத்து மண்ணுக்குமேல் தெரியவேண்டும். தேங்காய் நார், காய்ந்த இலை எதைப் போட்டாலும் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். தயவுசெய்து, வாடுகிற கன்றுக்கு உரம் போடாதீர்கள்! நட்ட முதல் சில வாரங்கள், பிப்ரவரி, ஜூன் போன்ற மழை குறைந்த மாதங்கள், அப்போதெல்லாம் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அக்காவுக்கு வேலி ஓரமாக மேடு கட்டி நாலாவது கன்றை நட்டுக் கொடுத்தேன். சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கவலையாகக் கேட்டார்: "மேட்டுல தண்ணி நிக்காதே தம்பி?"

"அதுக்குத்தாங்கா."