தற்சார்பு அன்று, சார்பின்மை

மத்திய வங்கி அரசின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் முடிவெடுக்கும் நிலையை ஆங்கிலத்தில் 'இண்டிபெண்டன்ஸ்' என்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அதை 'வங்கியின் தற்சார்பு' என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பொருளையே மாற்றிவிடும் சொல் இது.

'இண்டிபெண்டன்ஸ்' என்பதன் லத்தீன் வேர் தொங்குவதைக் குறிக்கும். ஒன்றைப் பற்றித் தொங்காத நிலை அது. தமிழில் சார்தல், சாய்தல். ஆகவே சார்பின்மை.

தற்சார்பு வேறு. தன் தேவையைத் தானே தேடிக்கொள்ளும் வீடும் ஊரும் தற்சார்புடையவை. பணத்தாளை வெளியிடும் வங்கிக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை அரிது. அப்படியானால் அளக்க என்ன இருக்கிறது? நம் மொரிசியசையே பாருங்கள். 2020-இல் சட்டத்தைத் திருத்தி, மொரிசியசு வங்கியிடமிருந்து 6,000 கோடி ரூபாயை அரசின் வரவு செலவுக்குப் பெற வழி செய்தார்கள். கொடுக்கும் வலு வங்கிக்கு இருந்தது. மறுக்கும் வலுவைத்தான் பொருளியலாளர் அளக்கிறார்கள்.

குக்கியர்மன், வெப், நெயாப்தி மூவரும் 1992-இல் தந்த அளவுகோல், வங்கிச் சட்டத்தின் 16 கூறுகளுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுகிறது. அரசுக்குக் கடன் கொடுப்பதற்கான கட்டுப்பாடுகளுக்கே பாதி எடை. முன்பணம் அறவே கூடாதென்றால் 1, கண்டிப்பான வரம்பென்றால் 0.67, வரம்பே இல்லையென்றால் 0. வங்கி ஆளுநரின் பதவிக்காலம் எட்டாண்டைத் தாண்டினால் 1, நான்காண்டென்றால் 0.25. இந்த வரிகளில் 'தற்சார்பு' எங்கே வருகிறது?

'சுதந்திரம்' மார்ச் 12-இல் நம் நாடு விடுதலைக் கொடியேற்றும் நாளுக்குரிய சொல். 'தன்னாட்சி'யும் மிகை: 1997 முதல் இங்கிலாந்து வங்கி வட்டியைத் தானே முடிவு செய்கிறது, பணவீக்க இலக்கை அரசு வகுக்கிறது. இலக்குச் சார்பின்மை இல்லை, கருவிச் சார்பின்மை உண்டு என்று நம் சொல் அதைப் பிரித்துக் காட்டும். 'அரசு சாராமை' என்றும் எழுத வேண்டாம். தொண்டு நிறுவனம் ஆகிவிடும்.

1998-இல் மொரிசியசின் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது நம்மவர் பொறுக்கவில்லை. தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் வரிசை மாற்றி அச்சிடப்பட்டன. தாளிலுள்ள தமிழுக்குக் காட்டிய கண்டிப்பு, வங்கியைப் பற்றி எழுதும் தமிழுக்கும் வேண்டும்.

விளைவிலும் கவனம் தேவை. 1993-இல் பொருளியலாளர்கள் அலெசினாவும் சம்மர்ஸும் தொழில்வள நாடுகளில் கண்டது: சார்பின்மை கூடிய இடத்தில் பணவீக்கம் குறைவு, வளர்ச்சியிலோ வேலையின்மையிலோ பெரிய வேறுபாடில்லை. வளரும் நாடுகளில் சட்ட மதிப்பெண் பணவீக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று. அங்கே ஆளுநர்கள் எத்தனை விரைவில் மாற்றப்படுகிறார்கள் என்ற கணக்கே பேசுகிறது. இதற்கு 'ஆளுநர் மாற்ற வீதம்' போதும். ஆங்கிலத்தின் 'டர்ன்ஓவர்' என்பதை அகராதியைப் பார்த்து 'விற்றுமுதல்' என்று எழுதுவது கடைக்கணக்கை இங்கே கொண்டுவருவதாகும்.