எட்டு மாதத்தில் இடது கைப்பழக்கமா?

"எதை எடுத்தாலும் இடது கைதான் மேடம், இவன் தாத்தா மாதிரி" என்று சிரித்தபடி சொன்னார் அந்த அம்மா. குழந்தைக்கு எட்டு மாதம். மலச்சிக்கலுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில் யாரோ "எதற்கும் பிசியோவிடம் காட்டுங்கள்" என்று அனுப்பியிருந்தார்கள். கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினேன். உடம்பையே திருப்பி இடது கையால் பிடுங்கிக்கொண்டான். வலது கை, கட்டைவிரல் உள்ளே மடங்கிய முஷ்டியாகவே கிடந்தது.

ஒரு வயதுக்குள் கைப்பழக்கம் தெரிந்தால், மற்ற கையைத்தான் பார்க்க வேண்டும்.

பெருமூளை வாதமாக (செரிப்ரல் பால்சி, அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படுவது) இருக்கலாம் என்று இயன்முறை மருத்துவராக எனக்குத் தோன்றலாம். ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியவர் குழந்தைகள் நரம்பியல் நிபுணர். காரணம், வெளியிலிருந்து பார்த்தால் பல நோய்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். கற்றதை ஒவ்வொன்றாக இழந்துவரும் குழந்தைக்கு வேறு நோயைத் தேட வேண்டும். ஏனென்றால் பெருமூளை வாதத்தில் மூளைச் சேதம் வளர்வதில்லை. காலையில் நன்றாக நடந்து, மாலையில் கால் இழுத்து நடக்கும் குழந்தைக்கு, லெவோடோபா என்ற மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். உடல் துவண்டு, தசைநார் அனிச்சையும் (முழங்காலில் தட்டினால் கால் துள்ளுவது போன்றது) இல்லாவிட்டால் முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோயா என்று உடனே பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். எல்லாவற்றுக்கும் 'நடக்க லேட்டாகிறது' என்று பயிற்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பழி எங்கள் மேல்தான்.

பெருமூளை வாதத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள், மல்லாந்து விழித்திருக்கும் குழந்தையைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஓடும் சின்னச் சின்ன அசைவுகள் இருக்கின்றனவா என்று பயிற்சி பெற்ற மருத்துவர் பார்ப்பார். அவை இல்லாவிட்டால்தான் கவலை. குறைமாதக் குழந்தை என்றால் எந்த மாதக் கணக்கையும் பிறந்த நாளிலிருந்து அல்ல, டாக்டர் முன்பே குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்பே பிறந்திருந்தால், ஆறு மாதத்தில் அது நான்கு மாதக் குழந்தைதான். இன்னொன்று: எம்ஆர்ஐ நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு ஸ்கேனில் எதுவும் தெரிவதில்லை. அப்போது மரபணு மருத்துவரிடம் போக வேண்டிவரும்.

கண், காது, எலும்பு மருத்துவர்களையும் தள்ளிப்போட வேண்டாம். பிறந்த புதிதில் கடுமையான மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம். இடுப்பு மூட்டு வலியே இல்லாமல் நழுவும், எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

அந்தப் பையனுக்கு, வலது கையை இயக்கும் மூளையின் இடப்பக்கத்தில் பழைய ரத்தக்குழாய் அடைப்பு. பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ வந்தது. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?" என்ற கேள்விக்கே நரம்பியல் நிபுணர் நெடுநேரம் உட்கார்ந்து பதில் சொன்னார். அதன்பிறகு என் பயிற்சியும் மாறியது. இப்போது தினமும் சிறிது நேரம் அவன் இடது கைக்கு உறை மாட்டுகிறோம், வலது கை வேலை செய்யட்டும் என்று. அவனோ உறையைப் பல்லால் கழற்றப் பார்க்கிறான்.