தேர்வறையில் மறந்த விடை வீட்டுக்கு வந்ததும் நினைவுக்கு வருவது ஏன்?

பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார். முதல் நாள் இரவு பாடம் முழுவதையும் பார்க்காமல் ஒப்பிக்கும் அந்தப் பெண்ணுக்கு, மறுநாள் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நெடுவினாக்களின் விடை ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லையாம். பிற்பகல் வீட்டுக்கு வந்து, சீருடையை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போது அதே விடைகள் வரிசை மாறாமல் வருகின்றனவாம். அப்போதுதான் அவள் அழுகிறாள். "இது கவனக்குறைவா, படிப்பில் அக்கறை இல்லாமையா?" என்று கேட்கிறார் அந்தத் தாய். இரண்டும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கற்பவருக்கு உணர்ச்சி துணையா, தடையா என்பது மிகப் பழைய வழக்கு. உணர்ச்சிகளை அறிவால் வெல்லச் சொன்ன ஸ்டோயிக் தத்துவ மரபைச் சேர்ந்த செனக்கா, பின்னாளில் ரோமானியப் பேரரசனான நீரோவுக்கு ஆசிரியராக இருந்தவர். தீங்கான உணர்ச்சியை உள்ளே விட்டபின் ஆள முயல்வதைவிட, வாசலிலேயே தடுத்துவிடுவது எளிது என்று அவர் வாதிட்டார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்ட அரிஸ்டாட்டிலோ, அச்சமும் சினமும் எழுவதே குற்றம் என்று கருதவில்லை. உரிய நேரத்தில், உரிய பொருளைக் குறித்து, உரிய அளவில் அவை எழுவதையே நற்பண்பு என்றார். எதில் மகிழ வேண்டும், எதற்கு வருந்த வேண்டும் என்பதை இளமையிலேயே பழக்குவதுதான் சரியான கல்வி என்ற பிளேட்டோவின் கருத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். இந்த வழக்கைச் சோதனைக்கூடம் ஒன்று தீர்த்துவைத்துவிட முடியாது. ஆனால், 'உரிய நேரத்தில்' என்ற சொல்லுக்கு மூளைக்குள் நிமிடக் கணக்கில் ஒரு பொருள் உண்டு என்பதைச் சோதனைக்கூடம் காட்டியிருக்கிறது.

அச்சம் எழும்போது உடலில் நடப்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதற்குப் பின்னால், ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்று கைமாறிக் கைமாறி வரும் இரண்டாவது செய்தி ஒன்று உண்டு. அதுதான் கார்டிசால் என்ற ஹார்மோன். அது மெதுவாகவே ஏறும். அச்சம் தொடங்கி ஏறக்குறைய இருபது முதல் முப்பது நிமிடங்களில்தான் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். நினைவுகளைச் சேர்ப்பதிலும் மீட்பதிலும் முக்கியப் பங்காற்றும் ஹிப்போகேம்பஸில் இதை ஏற்கும் புரதங்கள் நிறைந்திருக்கின்றன.

இந்தத் தாமதத்தை வைத்து 1998இல் டொமினிக் டி குவெர்வான், பென்னோ ரூசண்டால், ஜேம்ஸ் மெக்கா ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனை, நான் படித்தவற்றுள் மிக அழகானவற்றில் ஒன்று. ஒரு வட்டத் தொட்டியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சிறு மேடை இருக்கும். நீந்தித் தவிக்கும் எலி, சுற்றிலும் உள்ள அடையாளங்களைக் கொண்டு அந்த மேடை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளும். மறுநாள் மேடையை அகற்றிவிட்டு எலியை மீண்டும் தொட்டியில் விடுவார்கள். பாடம் நினைவிருந்தால், மேடை இருந்த பகுதியையே அது சுற்றிச்சுற்றித் தேடும். இந்த மறுநாள் தேர்வுக்கு முன்னால் எலிகளின் பாதத்தில் ஒரு சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது: சிலவற்றுக்கு 2 நிமிடங்கள் முன்பும், சிலவற்றுக்கு 30 நிமிடங்கள் முன்பும், சிலவற்றுக்கு 4 மணி நேரம் முன்பும்.

இரண்டு நிமிட எலிகள் பாடத்தை மறக்கவில்லை. நான்கு மணி நேர எலிகளும் மறக்கவில்லை. நடுவில் இருந்த முப்பது நிமிட எலிகள் மட்டும் தடுமாறின. அதிர்ச்சியின் வலி காரணமென்றால் இரண்டு நிமிட எலிகள்தாம் அதிகம் தடுமாறியிருக்க வேண்டும். நினைவு அழிந்ததுதான் காரணமென்றால் நான்கு மணி நேர எலிகளும் தடுமாறியிருக்க வேண்டும். ஆகவே காரணம் அந்த அரைமணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து நின்ற ஹார்மோனாகத்தான் இருக்க வேண்டும். அதையும் அவர்கள் சோதித்தார்கள். ஹார்மோன் உயராமல் மருந்தால் தடுத்தபோது, அதிர்ச்சி பெற்ற எலிகளுக்கும் நினைவு வந்தது. அதிர்ச்சியே பெறாத எலிகளுக்கு அந்த ஹார்மோனை மட்டும் செலுத்தியபோது அவை தடுமாறின. பாடம் உள்ளேதான் இருந்தது. எடுக்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புதிய பத்திரங்களைப் பதியக் கூட்டம் நெருக்கும்போது, பழைய பத்திரத்தின் நகலை எடுத்துத்தர ஆள் கிடைக்காது. ஆனால் பழைய பத்திரம் எங்கும் போய்விடவில்லை. ஆபத்து நேரத்தில் மூளையும் நடப்பதைப் பதிவதற்கே முதலிடம் தந்து, பழையதை எடுக்கும் வேலையைத் தள்ளிவைக்கிறது என்றே இத்துறை ஆய்வாளர்கள் சிலர் விளக்குகிறார்கள். 2000இல் டி குவெர்வான் குழுவினர் மனிதர்களிடமும் இதைக் கண்டார்கள். முந்தைய நாள் கற்ற சொற்களை நினைவுகூரும் தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுக்கப்பட்டபோது, நினைவுக்கு வந்த சொற்கள் குறைந்தன.

இந்த அளவில் பார்த்தால் செனக்காவே வென்றதாகத் தோன்றும். ஆனால் கற்கும் வேளையில் கிளர்ந்தெழும் உணர்ச்சி நினைவை வலுப்படுத்துகிறது. 1994இல் லாரி காஹில், மெக்கா ஆகியோரின் குழு, விபத்தில் சிக்கும் ஒரு சிறுவனின் கதையைப் படங்களாகக் காட்டி, ஒரு வாரம் கழித்து நினைவைச் சோதித்தது. சாதாரணமாகப் பார்த்தவர்களுக்கு விபத்துப் பகுதி தனியே ஆழமாகப் பதிந்திருந்தது. அட்ரினலின் வகை ஹார்மோன்களின் விளைவைத் தடுக்கும் புரொப்ரனலால் மருந்தை உட்கொண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆழம் கிடைக்கவில்லை. வியப்பு, பரிவு, ஆவல் ஆகியவற்றோடு நடத்தப்படும் வகுப்பு முப்பது ஆண்டுகள் கழித்தும் நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கற்கும்போது துணை நிற்கும் கிளர்ச்சி, மீட்கும்போது வழியை மறிக்கிறது. அரிஸ்டாட்டிலின் 'உரிய நேரத்தில்' என்ற நிபந்தனைக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பெண்ணின் காலையைப் பாருங்கள். ஒன்பதரை மணிக்குப் பள்ளி வாசலில் மாணவர்கள் கூடி நிற்கிறார்கள். "அந்த ஏழாவது பாடத்துக் கணக்குப் படிச்சியா? அதுதான் வருமாம்" என்று யாரோ கேட்கிறார்கள்; அவள் நெஞ்சு திடுக்கிடுகிறது. பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. திடுக்கிட்டதற்கும் வினாத்தாளுக்கும் இடையே சரியாக முப்பது நிமிடங்கள். பகல் ஒன்றேகால் மணிக்குத் தேர்வு முடிந்து அவள் வீடு வந்து சேரும்போது நான்கு மணி நேரம் கடந்திருக்கும். எலியின் கணக்கை அப்படியே ஒரு குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் அந்தத் தாய் எழுதியிருந்த நேரங்கள் இதனோடு பொருந்துவதைப் பார்த்தபோது என் கை சற்று நின்றுவிட்டது.

தீர்வுகளைப் பற்றி நேர்மையாகவே எழுத வேண்டும். தேர்வுக்கு முன் பத்து நிமிடங்கள் தம் அச்சத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை மீண்டும் செய்து பார்த்து 2018இல் வெளியிட்டபோது, 13 மட்டுமே தேறின. தேறாதவற்றுள் இதுவும் ஒன்று. ஆண்டுதோறும் பல இலட்சம் மாணவர்கள் பொதுத்தேர்வு எழுதும் நம் மாநிலத்தில், இத்தகைய எளிய சோதனைகளை நம் பள்ளிகளிலேயே திரும்பச் செய்து பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தேர்வுக்காலப் பரிகாரப் பூசைகளுக்குப் பெற்றோர் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு இருந்தாலும் இதற்குப் போதும்.

ஒரு முடிவு மட்டும் எனக்கு நம்பிக்கையளிக்கிறது. தேர்வுச் சூழல் இறுக்கமற்று இருந்தபோது கார்டிசால் நினைவைக் கெடுக்கவில்லை என்று சப்ரினா கூல்மன், ஆலிவர் வோல்ஃப் ஆகியோர் 2006இல் பெண்களிடம் செய்த ஆய்வில் கண்டார்கள். ஹார்மோன் தனித்து நின்று வழியை அடைப்பதில்லை. அமிக்டலாவின் பதற்றமும் அதனோடு சேர வேண்டியிருக்கிறது. எனவே அந்தத் தாய்க்கு இப்படி எழுதினேன்: மகளை வாசல் கூட்டத்தில் நிறுத்தாமல், வேறோர் இடத்தில் புத்தகம் இல்லாமல் உட்காரச் செய்யுங்கள், வினாத்தாளைப் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடங்களில் நன்றாகத் தெரிந்த ஒரு வினாவைத் தேடிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிற்பகல் சாப்பிடும்போது விடைகள் நினைவுக்கு வந்தால், அவள் படித்தது உள்ளேதான் இருக்கிறது என்பதை அப்போதே அவளிடம் சொல்லுங்கள்.