'சிஜியே இல்லாத படம்' என்று யாராவது சொன்னால்

அறிவியல் புனைகதைப் படம் ஒன்று வெளியாகப் போகிறது என்றால் இப்போதெல்லாம் ஒரு பேட்டி கட்டாயம் வந்துவிடுகிறது. "எல்லாவற்றையும் நிஜமாகவே செய்தோம், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், அதாவது சிஜி, பக்கமே போகவில்லை" என்று படக்குழுவில் ஒருவர் பெருமையாகச் சொல்வார். ரசிகர்களும் மெய்சிலிர்த்துப் போவார்கள். அதே படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால் விஎஃப்எக்ஸ் (காட்சிகளைக் கணினியில் உருவாக்கி மாற்றும் வேலை) கலைஞர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நான் கம்பாசிட்டிங் வேலை செய்கிறவன். செட்டில் எடுத்த காட்சியையும் கணினியில் உருவாக்கிய காட்சியையும் ஒட்டு தெரியாமல் சேர்ப்பது என் பிழைப்பு. ஒட்டு தெரியாமல் இருந்தால்தான் எனக்குச் சம்பளம். அதனால் இப்படிப்பட்ட பேட்டிகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' நல்ல உதாரணம். நமீபியப் பாலைவனத்தில் நிஜ வண்டிகளை ஓட்டி, நிஜமாகவே மோதவிட்டு எடுத்த படம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விஎஃப்எக்ஸ் வேலை நடந்த ஷாட்கள் ஏறத்தாழ 2,000. வானம் மாற்றப்பட்டது, ஸ்டண்ட் கலைஞர்களைத் தாங்கிய கயிறுகள் அழிக்கப்பட்டன, கதாநாயகியின் ஒரு கை துண்டாகத் தெரிய அவரது நிஜக் கை ஃப்ரேம் ஃப்ரேமாக நீக்கப்பட்டது. பெரிய புழுதிப் புயல் முழுக்கக் கணினியில் பிறந்தது. படம் பார்த்துவிட்டு "சிஜி இல்லாமலேயே எப்படி எடுத்திருக்கிறார்கள்!" என்று வியந்தவர்கள் பலர். எங்கள் தொழிலுக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு அது. கிடைத்தவர்கள் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கம் 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்'. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் புரட்சி என்று எல்லோரும் சொல்லும் படம். அதில் டைனோசர்கள் திரையில் இருப்பதே மொத்தம் 15 நிமிடம் போலத்தான். அதிலும் கணினியில் செய்தது சுமார் 6 நிமிடம். மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த அனிமேட்ரானிக்ஸ் (இயந்திரத்தால் அசையும்) பொம்மைகளும் உடைக்குள் நுழைந்து நடித்த ஆட்களும். மழை இரவில் டி-ரெக்ஸ் வெளியே வரும் காட்சிக்காக ஏறத்தாழ 40 அடி நீளப் பொம்மை ஒன்றை ஹைட்ராலிக்ஸ் வைத்து ஆட்டினார்கள். அதன் தோல் நுரைரப்பர். மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனம் கூடி, பொம்மை கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் அதைத் துடைத்துக் காயவைத்துக்கொண்டே எடுத்தார்கள்.

இப்போது அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். தலை காருக்கு அருகே வரும்போது அது பொம்மை. முழு உடம்பும் தெரிய நடந்து வரும்போது கணினி. ஈரம் சொட்டும் நிஜத் தோலை ஒரு ஷாட்டில் பார்த்த மூளை, அடுத்த ஷாட்டில் வரும் கணினித் தோலையும் நம்பிவிடுகிறது. கணினியில் வேலை செய்தவர்களுக்கும் அந்தப் பொம்மை பெரிய உதவி. மழையில் நனைந்த தோல் எப்படி மின்னும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே பார்த்து ஒப்பிடலாம்.

அந்தப் படத்துக்கு முதலில் ஃபில் டிப்பெட்டின் ஸ்டாப் மோஷன் (கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்கும்) பொம்மைகளைத்தான் பயன்படுத்துவதாக இருந்தது. கணினிச் சோதனைகளைப் பார்த்ததும் திட்டம் மாறியது. ஆனால் டிப்பெட்டை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூட்டுக்கு மூட்டு சென்சார் பொருத்திய எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்றைச் செய்தார்கள். ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் வழக்கம்போல அதைக் கையால் அசைக்க, அந்த அசைவு கணினிக்குள் போனது. கனமான ஒரு மிருகம் காலை ஊன்றும்போது இடுப்பு எவ்வளவு இறங்கும் என்பது கைகளுக்குத் தெரிந்திருந்தது, அன்றைய மென்பொருளுக்குத் தெரியாது. கைவேலைக்கும் கணினிக்கும் சண்டை என்று பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதைதான்.

அப்படியானால் சில சிஜி ஏன் பார்த்தவுடன் பல்லிளிக்கிறது? என் அனுபவத்தில் முதல் காரணம் வெளிச்சம். ஒரு சம்பவம் சொல்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம். விண்கலத்தின் உள்ளே நடக்கும் காட்சி. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்று படப்பிடிப்பு நாளில் முடிவாகவில்லை. "கிரீன் மேட் போட்டு எடுத்துடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று, பிற்பாடு வேறு காட்சியைப் பொருத்த வசதியாக ஜன்னலுக்கு வெளியே பச்சைத் திரை கட்டி, எல்லாப் பக்கமும் சமமாக வெள்ளை வெளிச்சம் போட்டு எடுத்துவிட்டார்கள். பல மாதம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே எரிந்துகொண்டிருக்கும் சிவப்புக் கோள் வேண்டும் என்று சொல்லி எங்களிடம் வந்தது. கோளைச் செய்வது பெரிய வேலையே இல்லை. நடிகர் முகத்தில் அந்தச் சிவப்பு இல்லையே! கண்மணியில் பிரதிபலிப்பு இல்லை, மூக்கின் நிழல் தவறான பக்கம் விழுகிறது, தலைமுடி ஓரத்தில் பச்சை கசிந்து நிற்கிறது. ரோட்டோ போட்டு, அதாவது ஃப்ரேம் ஃப்ரேமாக ஓரம் வரைந்து, முகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வண்ணம் ஏற்றினோம். முடிந்த மட்டும் செய்தோம். திரையில் பார்த்தவர்கள் "கோள் பொம்மை மாதிரி இருக்கு" என்றார்கள். கோளில் குறை இல்லை. முகம்தான் காட்டிக்கொடுத்தது.

'இன்டர்ஸ்டெல்லார்' (2014) குழு இதே சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். விண்வெளிக் காட்சிகளை முன்கூட்டியே தயாரித்து, விண்கல செட்டின் ஜன்னலுக்கு வெளியே பெரிய திரையில் புரொஜெக்டரால் ஓடவிட்டார்கள். நடிகர்கள் நிஜமாகவே எதையோ பார்த்தார்கள், அதன் வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்தது. படப்பிடிப்புக்கு முன்பே கிராஃபிக்ஸ் வேலை முடிந்திருந்தால்தான் இது நடக்கும். அதே படத்தின் கருந்துளைக்கு எந்தச் செட்டும் உதவாது. இயற்பியலாளர் கிப் தோர்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்து டபுள் நெகட்டிவ் நிறுவனம் அதைக் கணினியில் வரைந்தது. சில ஃப்ரேம்களை ரெண்டர் செய்ய, அதாவது கணினி கணக்கிட்டுப் படமாக்க, 100 மணி நேரம் வரை ஆனது. டார்ஸ் என்ற ரோபோவோ பெரும்பாலான ஷாட்களில் நிஜப் பொம்மை. நடிகர் பில் இர்வின் பின்னால் நின்று அதைத் தூக்கி நடத்தினார், அவரைக் கணினியில் அழித்தார்கள். இதைச் சிஜி என்பீர்களா, நிஜம் என்பீர்களா?

2021இல் வந்த 'டியூன்' இன்னும் எளிமையான ஒரு காரியம் செய்தது. பாலைவனக் காட்சிகளுக்குப் பச்சை, நீலத் திரைகளை விட்டுவிட்டு மணல் நிறத் திரைகளைக் கட்டினார்கள். திரையிலிருந்து நடிகர்மேல் கசியும் நிறம் எப்படியும் மணலின் நிறம்தான், கெடுதல் இல்லை. பச்சைக் கசிவைத் துடைத்துத் துடைத்துக் கண் வீங்கிய எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது முடிவெடுத்தார்கள்? கைவேலையில் முடிவைத் தள்ளிப்போட வழியே இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்துக்காகச் சுமார் 38 அடி விட்டத்தில் சுழலும் சக்கர செட் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு "வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாமா?" என்று யார் கேட்க முடியும்? கேமரா எங்கே, வெளிச்சம் எங்கே, நடிகர் எங்கே என்று எல்லாம் காகிதத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். பழைய படங்கள் இன்றும் கண்ணில் நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கட்டாயம்தான் என்பது என் கணிப்பு. கணினி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கடைசி வாரம் வரை மாற்றலாம், அதனால் கடைசி வாரம் வரை மாற்றுகிறார்கள். 2011இல் வந்த 'தி திங்' படத்துக்கு அனிமேட்ரானிக்ஸ் குழு அவ்வளவு உழைத்துச் செய்த உயிரினங்களின் மேல் பிற்பாடு பெருமளவு கணினி உருவங்களைப் போட்டு மூடினார்கள். அதே பெயரில் 1982இல் வந்த படத்துக்காக ராப் பாட்டின் கையால் செய்த கோரங்களோடு ரசிகர்கள் ஒப்பிட்டுத் திட்டினார்கள். ஒரு முறையில் திட்டமிட்டு எடுத்ததை இன்னொரு முறைக்கு நடுவழியில் மாற்றினால் எந்த முறையாக இருந்தாலும் அடி வாங்கும்.

நிஜமாகச் செய்தாலே நன்றாக வந்துவிடும் என்பதும் இல்லை. மினியேச்சர் கட்டடத்தை இடித்துப் படமெடுக்கிறீர்கள், அளவு 25இல் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வேகத்தில் எடுத்தால் பொம்மை விழுந்த மாதிரிதான் இருக்கும். அளவின் வர்க்கமூலம் 5, ஆகவே நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 120 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். அப்போதுதான் விழுவதில் கனம் வரும். இது கட்டடத்துக்குச் சரி. தண்ணீருக்கும் தீக்கும் இந்தக் கணக்கு முழுதாகக் கைகொடுக்காது, ஏனென்றால் நீர்த்துளியைச் சிறியதாக்க முடியாது. தொட்டியில் மிதக்கும் பொம்மைக் கப்பலைத் துளியின் பருமனே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே நான் யோசிக்காமல் கணினியைத்தான் சொல்வேன்.

ஆபத்து என்ற விஷயமும் உண்டு. 1982 ஜூலையில் 'ட்வைலைட் ஸோன்: தி மூவி' படப்பிடிப்பில் வெடிகள் மிக அருகில் வெடித்ததால் ஹெலிகாப்டர் நொறுங்கி விழுந்து, நடிகர் ஒருவரும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஒரு வெடியை நானே கம்பாசிட்டிங்கில் சேர்த்து, அது கொஞ்சம் போலியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற நேரங்கள் உண்டு. நிஜம் என்பதற்காக மட்டும் ஒரு ஷாட்டைக் கொண்டாடுவதற்கு முன் அங்கே நின்றவர்களையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணினிப் பக்கம் உயிர் போகாது, ஆனால் தூக்கம் போகும். விஎஃப்எக்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை பேசி வேலை எடுக்கின்றன. இயக்குநர் மனம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில், அங்கிருந்து எங்கள் இரவுகளில் இறங்கும். 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு வேலை செய்த ரிதம் அண்ட் ஹியூஸ், அதற்காக ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டூடியோஸின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். "சிஜி சோம்பேறித்தனம்" என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நியாயமாக இருக்கும்.

குறும்படம் எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்பதால் கடைசியாகக் கொஞ்சம் வேலை விஷயம். நடிகர் தொடுவது, மிதிப்பது, சாய்வது எதுவோ அதை நிஜமாகச் செய்யுங்கள், எட்டாத தூரத்தில் இருப்பதைக் கணினிக்கு விடுங்கள். பிற்பாடு கணினியில் வரப்போகும் உயிரினத்தின் உயரத்தில் ஒரு கம்பாவது நட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நடிகரின் பார்வை அலைபாயும். ஆள் யாரும் இல்லாமல் அதே கோணத்தில் வெறும் பின்னணியை ஒரு முறை எடுத்துவிடுங்கள், அழிக்க வேண்டியதை அழிக்க அதுதான் எங்களுக்குக் கைமுதல். சாம்பல் நிறப் பந்து ஒன்று, கண்ணாடி போல மின்னும் பந்து ஒன்று, இரண்டையும் நடிகர் நின்ற இடத்தில் பிடித்து சில நொடி பதிவு செய்யுங்கள். வெளிச்சம் எங்கிருந்து, எந்த நிறத்தில், எவ்வளவு கடுமையாக வந்தது என்பதெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். லென்ஸ் எண்ணையும் கேமராவின் உயரத்தையும் யாராவது ஒருவர் எழுதிவைக்கட்டும். எல்லாம் சேர்த்து ஒரு ஷாட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நேரமாகிறது என்று உதவி இயக்குநர் கத்துவார். கத்தட்டும்.