முக்கால் பங்கு ஊகம்

2, 32, 512, 8192.

சோனியின் பிளேஸ்டேஷன் வரிசையில் வந்த முதல் நான்கு கேம் கன்சோல்களில் இருந்த நினைவகம் இது, மெகாபைட் கணக்கில். ஒவ்வொரு தலைமுறைக்கும் சரியாகப் பதினாறு மடங்கு. முதல் இரண்டிலும் படம் வரைவதற்கென்று தனியாக இருந்த சின்ன நினைவகத்தை நான் சேர்க்கவில்லை. மூன்றாவதில் இரண்டு 256-ஐக் கூட்டியிருக்கிறேன். ஆனாலும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வருகிறது. 1994, 2000, 2006, 2013 என்று ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பாய்ச்சல் நடந்தது. அதே கணக்கில் போயிருந்தால் 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 128 ஜிபி இருந்திருக்க வேண்டும். இருப்பது 16 ஜிபி. இரண்டே மடங்கு.

இது ஒரு நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதே வருடம் அதே மாதம் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் 16 ஜிபிதான். அடுத்த தலைமுறை கன்சோலில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எத்தனை டெராஃப்ளாப் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள்), எத்தனை ஜிபி என்றுதான் கேட்கிறார்கள். அந்த வாய்ப்பாடு ஏற்கெனவே முறிந்துவிட்டது. இனி வரும் பெட்டிகளின் திறமை, கணக்கைக் குறைத்துக்கொண்டு மீதியை நம்பும்படி ஊகிப்பதில்தான் இருக்கப்போகிறது.

வாய்ப்பாடு ஏன் முறிந்தது? சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர் வருடத்துக்கு வருடம் சிறுக்கும், ஒவ்வொன்றின் விலையும் இறங்கும் என்ற நம்பிக்கையில் நடந்த தொழில் இது. சிறுத்தால் அந்த அளவுக்கு மின்சாரமும் குறைவாகக் குடிக்கும் என்பது கூடவே வந்த சலுகை. அந்தச் சலுகை 2005-ஐ ஒட்டியே நின்றுபோனது. இப்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்செலவு நான்கு மடங்காகும், அதற்கு மேல் வேகத்துக்கான செலவு தனி. அதோடு சிப்பின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி சிறுப்பதும் இல்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்ரேம் என்ற வேக நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி, 5 நானோமீட்டர் என்ற தயாரிப்பு முறையில் இருந்து 3 நானோமீட்டருக்குப் போனபோது, அதிகம் பயன்படும் வகையில் ஒரு எஸ்ரேம் அறையின் பரப்பளவு துளியும் குறையவில்லை. பெயரில் 5 போய் 3 வந்தது, அவ்வளவுதான்.

தரவு மையத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு இது பெரிய தடையில்லை. அறையைப் பெரிதாக்கலாம், குளிரூட்டியைக் கூட்டலாம். டிவிக்குக் கீழே உட்காரும் பெட்டி ஏறக்குறைய 200 வாட்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும், இரைச்சல் போடாமல்.

சரி, பதினாறு மடங்கு கிடைக்காதபோது பிளேஸ்டேஷன் 5 என்ன செய்தது? நினைவகத்தைப் பெரிதாக்க முடியவில்லை என்பதால், அதை நிரப்பும் வேகத்தைக் கூட்டியது. முந்தைய கன்சோலில் இருந்தது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் தட்டு, அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு கை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேடும் தகவல் தட்டின் எதிர்ப்பக்கம் இருந்தால் அது சுற்றி வரும்வரை கை காத்திருக்க வேண்டும். இந்தக் கன்சோல்களை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் ஒரு வேடிக்கையான கணக்கைச் சொன்னார். ஸ்பைடர்மேன் கேமில் தெருவோரம் நிற்கும் தபால் பெட்டி போன்ற சாமான்களை ஹார்ட் டிஸ்க்கில் 400 தடவை பதிந்து வைத்திருந்தார்களாம். நகரத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்திலேயே அதன் பிரதி இருந்தால் கை ஓடித் தேட வேண்டாமே. ஒரே தபால் பெட்டி 400 முறை! இடம் வீண்தான், வேறு வழியில்லை.

அதே உரையில் வந்த இன்னொரு ஒப்பீடு: பழைய கன்சோலில் 1 ஜிபி ஏற்ற 20 நொடி பிடித்தது, புதியதில் 2 ஜிபி ஏற்ற 0.27 நொடி. புதியதில் இருப்பது எஸ்எஸ்டி, சிப்பிலேயே தகவலைச் சேமிப்பது. அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எந்த மூலையில் இருப்பதையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எடுக்கலாம். சுருக்கி வைத்த தகவலை விரிப்பதற்குத் தனிச் சுற்றும் உண்டு. இதன் விளைவு லோடிங் திரை மறைந்ததோடு முடியவில்லை. முன்பு அடுத்த அரை நிமிடத்துக்குத் தேவைப்படக்கூடிய எல்லாமே நினைவகத்தில் தயாராகக் கிடக்க வேண்டும். இப்போது அடுத்த ஒரு நொடிக்கானது இருந்தால் போதும், மீதியை அவ்வப்போது இழுத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கு மட்டுமே வளர்ந்த நினைவகம் அதைவிடப் பெரியது போல நடந்துகொள்வது இப்படித்தான். பழைய கேம்களில் லிஃப்ட் ஏன் அத்தனை நேரம் ஏறியது, நாயகன் ஏன் பாறை இடுக்கில் உடம்பை ஒடுக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தான் என்பதற்கும் விடை இங்கேதான். அப்போதெல்லாம் அதை நான் கதைச்சுவை என்று நினைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வித்தையை ஒருமுறைதான் செய்ய முடியும். 20 நொடியைக் கால் நொடி ஆக்கினால் யாருக்கும் தெரியும். கால் நொடியைப் பாதியாக்கினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? அடுத்த தலைமுறை வேறு இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும். அந்த இடம் திரை.

4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், காட்ட வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி, நொடிக்கு ஏறக்குறைய 50 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் திறன் 10.28 டெராஃப்ளாப். வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிக்குச் சுமார் 20,000 கணக்குகள். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் அது உச்சவரம்பு, நடைமுறையில் கிட்டுவது குறைவு. அப்புறம் வெளிச்சம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சுவரில் பட்ட வெயில் தரையில் தெறித்து, தரையின் நிறத்தை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவரில் படிவதை உண்மையாகக் கணக்கிட, கண்ணில் இருந்து கதிர்களை அனுப்பி அவை எங்கே முட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். ரே டிரேசிங் என்பது இதுதான்.

கேமில் தெரியும் உருவங்கள் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை. ஒரு கதிர் எந்த முக்கோணத்தில் முட்டுகிறது என்று காண லட்சக்கணக்கான முக்கோணங்களையும் சோதிக்க முடியாது. அதனால் காட்சியைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைக்கிறார்கள். கதிர் பெரிய பெட்டியில் படுகிறதா? பட்டால் உள்ளே இருக்கும் இரண்டில் எதில்? இப்படி 20 முறை பாதியாக்கினால் பத்து லட்சம் முக்கோணங்களில் இருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். கேட்க எளிது. சிக்கல் என்னவென்றால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் இருந்து கிளம்பிய கதிர்கள் ஒருமுறை தெறித்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தின் வேறு வேறு மூலையைப் புரட்ட வேண்டும். எல்லோரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் செய்தால் பறக்கும் கிராபிக்ஸ் சிப், இங்கே தள்ளாடுகிறது. திரைப்படத்துக்கு வரைபவர்கள் ஒரு புள்ளிக்கு நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கன்சோலுக்கு ஒன்றிரண்டு கதிர்தான் கட்டுப்படியாகும். கிடைக்கும் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோய் இருக்கும். அதைத் துடைத்துச் சீராக்குவதும் ஊகம்தான்.

ஊகம் என்று சும்மா சொல்லவில்லை. 1080பி அளவில் வரைந்துவிட்டு 4கே ஆகக் காட்டும்போது, நாலில் ஒரு புள்ளிதான் கணக்கிட்டது. மற்ற மூன்றும் இட்டு நிரப்பியவை. நிரப்பும் விதத்தில்தான் விஷயம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமராவை அரைப்புள்ளிக்கும் குறைவாக இப்படி அப்படி நகர்த்தி வரைகிறார்கள். நாலைந்து ஃபிரேம்கள் போனால், ஒரே இடத்தைச் சற்றே வேறு வேறு புள்ளிகளில் தொட்ட விவரம் சேர்ந்துவிடும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதை கேமே சொல்லிவிடும். பழைய ஃபிரேமின் விவரத்தை அந்த அளவுக்கு நகர்த்தி இன்றைய ஃபிரேமோடு சேர்க்கலாம். காட்சி அசையாமல் இருந்தால் இது ஊகமே இல்லை, தவணை முறையில் செய்த கணக்கு. யாராவது குறுக்கே ஓடினால்தான் சங்கடம். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து புதிதாகத் தெரியும் சுவருக்குப் பழைய விவரம் கிடையாது. எதை நம்பலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்ற இந்த முடிவைத்தான் ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலிடம் விட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவும், 2025 ஜூன் 5-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-வும் செய்வது இதையே. கையில் தூக்கிப்போகும் ஸ்விட்ச் 2, டிவியில் மாட்டியதும் தன் உடம்புக்கு மீறிய படம் காட்டுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வருவது பற்றி ஊகிக்க வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. 2025 அக்டோபரில் செர்னியும் சிப் வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் சேர்ந்து ஒரு காணொளியில் திசையைக் காட்டிவிட்டார்கள். அப்போதைக்கு எல்லாம் சிமுலேஷனில் மட்டும் இருப்பவை, சில வருடங்களில் வரும் கன்சோலுக்கானவை என்றும் சொன்னார்கள். மூன்று விஷயங்கள். முதலாவது, சிப்பில் தனித்தனியாக வேலை செய்யும் கணக்குக் கூறுகளை ஒன்றாகக் கோத்து, திரையின் பெரிய துண்டை ஒரே வீச்சில் நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுப்பது. இப்போது திரையைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் பகிர்வதால், நடுவில் தகவல் பரிமாறவே நேரம் போகிறது. இரண்டாவது, பெட்டிக்குள் பெட்டி தேடும் வேலையைத் தனிச் சுற்றுகளுக்கு ஒதுக்கிவிடுவது. மூன்றாவது, நினைவகத்துக்குப் போகும் வரும் தகவல் எல்லாவற்றையும் முடிந்தவரை சுருக்கியே அனுப்புவது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, ஆரவாரமே இல்லாத இந்த மூன்றாவதுதான். பிளேஸ்டேஷன் 4-இல் இருந்து 5-க்கு வந்தபோது கணக்கிடும் திறன் ஐந்தரை மடங்கு ஏறியது. நினைவகத்தில் இருந்து தகவல் வரும் வேகமோ நொடிக்கு 176 ஜிபியில் இருந்து 448 ஜிபி, அதாவது இரண்டரை மடங்குதான். சமையல்காரர்களைக் கூட்டிவிட்டு அடுக்களை வாசலை அப்படியே விட்டது போல. வாசலை அகலப்படுத்தச் செலவு அதிகம். மூட்டையைச் சிறிதாக்குவது மலிவு.

ஊகத்துக்கு எல்லை உண்டு. நடுவில் ஒரு ஃபிரேமை இட்டு நிரப்பும் உத்தியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே ஒன்றை உருவாக்க, பிந்தையது கையில் வந்திருக்க வேண்டும். அதை உடனே காட்டாமல் பிடித்து வைக்க வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் வரைந்து இடையிடையே ஒன்றை நிரப்பினால், பார்க்க 60 போல வழுக்கிக்கொண்டு ஓடும். பொத்தானை அழுத்தினால் கைக்குத் தெரிவது 30-இன் தாமதம், அதற்கு மேலும் சற்று. விளம்பரத்தில் 120 என்று போட்டிருந்தால் அதில் எத்தனை நிஜம் என்று கேட்பது நல்லது. அதேபோல கேமின் விதிகளை ஊகிக்க முடியாது. பந்து கம்பத்தில் பட்டதா, எதிரி சுவருக்குப் பின்னால் இருக்கிறானா, ஊர் ஜனம் ஆயிரம் பேரும் எங்கே நடக்கிறார்கள் என்பதையெல்லாம் மையச் செயலி துல்லியமாகத்தான் கணக்கிட வேண்டும். புதிய தலைமுறை எங்கே செலவழிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இன்னும் பளபளப்பான குட்டையைவிட, தள்ளினால் விழும் மேசையையும் ஞாபகசக்தி உள்ள கூட்டத்தையும் கேட்பேன். விளம்பரப் படத்தில் அது தெரியாது என்பதால் அதற்கு மவுசு குறைவு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கன்சோல் வயதாக வயதாக விலை இறங்கும் என்ற பழக்கம் போயிற்று. இந்தத் தலைமுறையில் நடுவழியில் ஏறவே செய்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் அவற்றின் விலை எகிறியது. எனவே அடுத்த பெட்டியிலும் 16 மடங்கை எதிர்பார்க்க வேண்டாம். கேம் டிஸ்க் போடும் பகுதி ஒட்டுச் சாமானாக மாறிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் 2-இல் சில கேம்களுக்குக் கடையில் தரும் கார்டில் கேமே கிடையாது, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான். பழைய கேம்கள் ஓடும் என்று தாராளமாக நம்பலாம்; 2013 முதல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டும் ஒரே வகைச் செயலிக்கு வந்துவிட்டதால் அது முன்பு போல் கடினமில்லை. அதே காரணத்தால் முதல் ஓரிரு வருடங்களுக்குப் பெரும்பாலான கேம்கள் பழைய பெட்டியிலும் ஓடும்படியே வரும். வாங்கிய அன்றே வாய் பிளக்க வைக்கும் எதுவும் கிடைப்பது அரிது.

புதிய கன்சோலைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அசையாத படத்தில் எதையும் தேடாதீர்கள். அங்கே எல்லாமே அழகாக இருக்கும். கேமில் கம்பி வலை வேலி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் அருகே நின்று கேமராவைச் சட்டென்று திருப்புங்கள். மெல்லிய கம்பிகள், பின்னால் வேகமாக ஓடும் காட்சி, எந்த விவரம் பழையது எது புதியது என்று தீர்மானிக்கச் சில மில்லிநொடிகள்: ஊகம் தடுமாறும் இடம் அதுதான். கம்பிகள் கம்பிகளாகவே நிற்கின்றனவா, இல்லை ஈரச் சுண்ணாம்பில் கை வைத்தது போல இழுபடுகின்றனவா என்று பாருங்கள்.